வாசலோடு நின்ற தமயந்தி

தமயந்திக்குக் குகைகளைப் பிடிக்காது. குகை என்ன, லிஃப்டே பிடிக்காது. தொம்மலூரில் அவள் வேலை பார்க்கும் சர்வே கம்பெனி நாலாவது மாடியில் இருக்கிறது. கருவிப் பெட்டியையும் கருவியை நிறுத்தும் முக்காலியையும் தோளில் போட்டுக்கொண்டு தினமும் படியேறித்தான் போவாள். இப்படிப்பட்டவள்தான் கனகபுரா ரோட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளந்தி பெட்டா என்ற மலையில் உள்ள அத்தனை குகை வாசல்களையும் சென்டிமீட்டர் சுத்தமாக அளந்து கொடுத்தவள். அளந்த குகை ஒன்றிலும் அவள் நுழைந்து பார்த்ததில்லை.

"வாசல்தானே கேட்டாங்க? வாசல குடுத்துட்டேன். உள்ள என்ன, விருந்தா வெச்சிருக்காங்க?" என்பாள்.

காவேரிப்பட்டணத்துக்காரி. கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. சர்வேயர் படித்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். தமயந்தி படிப்பை முடித்துவிட்டு, அதன்பிறகு பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் கட்டிங் மாஸ்டராக இருந்த சந்திரனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தாள். முதல் ஏழெட்டு வருஷம் சைட்டில் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். கம்பு ஆடாமல் நிற்பது எப்படி என்று கற்றுக்கொண்டபின், லென்ஸுக்குப் பின்னால் நிற்பவன் எங்கே தப்புப் பண்ணுகிறான் என்பதும் தானாகத் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் அவனை நகரச் சொல்லிவிட்டு அவளே லென்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

லேஅவுட் போடுகிறவர்கள் மத்தியில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. தமயந்தி அளந்தால் சைட் சுருங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நாற்பதுக்கு அறுபது என்று விற்ற மனையில் அவள் டேப்பைப் பிடித்தால் முப்பத்தொன்பதரைதான் வரும். பத்திரத்தில் எழுதியதைக் காட்டி யாராவது கத்தினால், "பத்திரத்துல வீடு கட்ட முடியாது சார், மண்ணுலதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டுவாள்.

இந்தப் பெயர் தெரியாமல்தான் சீனிவாசராகவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

சீனிவாசராகவன் மாநில சர்க்காரில் பெரிய என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக பெங்களூர். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு குகைச் சங்கத்துக்குத் தலைவரானார். சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் பையன்கள், பெண்கள். வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டரைப் பார்த்த கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை இருட்டு தேவைப்பட்டது. ஹெல்மெட், தலையில் விளக்கு, முழங்காலுக்குப் பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு முள்ளந்தி பெட்டாவுக்குப் போய் ஊர்ந்துவிட்டு வருவார்கள். அங்கே குகை என்பது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. யானை யானையாகப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சந்துதான் குகை.

யார் புதிய சந்தைப் பார்த்தாலும் போனை எடுத்து இடத்தைக் குறித்து, ஒரு எண் கொடுத்து, சங்கத்தின் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். இப்படியே ஏறி எண்ணிக்கை அறுபத்து நான்கில் வந்து நின்றது. சீனிவாசராகவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய கலைகள் எத்தனையோ அத்தனை குகை! அடுத்த வருஷம் நூற்றெட்டு, திவ்யதேசக் கணக்கு. புத்தகம் போடுவது என்று முடிவாயிற்று. புத்தகத்தில் வாசல்களின் இடத்தைத் துல்லியமாகக் கொடுத்துவிட்டால் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்று யாரோ யோசனை சொல்ல, தொம்மலூர் கம்பெனியில் நல்ல ஜிபிஎஸ் கருவியை வாடகைக்குக் கேட்டார். கருவியை இயக்கத் தெரிந்த ஆளோடுதான் அனுப்புவோம் என்றார் கம்பெனி முதலாளி. அந்த ஆள்தான் தமயந்தி.

"ஞாயித்துக்கெழம லீவுல பொந்து பாக்கப் போறியா?" என்று சந்திரன் சிரித்தான்.

"நான் எங்க பாக்கப் போறேன்? அளக்கப் போறேன்."

முதல் ஞாயிறு, முதல் குகை. தமயந்தி வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், எது வாசல்?"

சீனிவாசராகவன் விழித்தார். "இதோ, இதுதாம்மா வாசல். தெரியறதில்லே?"

"நீளமா இருக்கே சார். எந்த எடத்துல புள்ளி வைக்கணும்? அங்கயா, இங்கயா?"

எங்கே குனிகிறோமோ அதுதான் வாசல் என்றார் தலைவர். எங்கே ஜில்லென்று காற்று படுகிறதோ அது என்றார் டென்சில். டென்சில் காக்ஸ் டவுன்காரர், பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நல்ல கனத்த உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவார். வெளியே வருவதற்குத்தான் நேரமாகும்.

"குனியறது ஆளுக்கு ஆள் மாறும் சார்," என்றாள் தமயந்தி. "நானும் டென்சில் சாரும் ஒரே எடத்துலயா குனிவோம்? மேல கல்லு எங்க முடியுதோ அங்கருந்து மழத்தண்ணி சொட்டும். சொட்டுற எடம் மாறாது. வீட்டு மனையிலயும் அப்படித்தான். கூரத் தண்ணி எவன் எடத்துல விழுதுன்னுதான் சண்டையே வருது."

டென்சில் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நாலு வருசமா இங்க வர்றோம்ப்பா. ஒருத்தனுக்கும் இது தோணல."

அதோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் தமயந்தி பதிவேட்டை வாங்கிப் படித்தாள்.

ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும். பாறை இடுக்கில் வைத்தால் சிக்னல் கல்லில் மோதித் திரும்பி வந்து பொய் சொல்லும். பத்து மீட்டர் பொய், சில நாள் நாற்பது மீட்டர் பொய். எனவே அவள் வானம் திறந்த மொட்டைப் பாறைகளில் கருவியை வைத்து நிலைப்புள்ளிகள் போட்டாள். அங்கிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் கோணமும் தூரமும் பார்த்து அளந்துகொண்டு வந்தாள். லென்ஸ் எட்டாத இடத்துக்கு டேப்பும் திசைகாட்டியும். ஆறு ஞாயிறு ஆயிற்று. ஆறாவது ஞாயிறு சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த தலைவரிடம் நோட்டை நீட்டினாள்.

"சார், ஒம்பது, இருபத்திரெண்டு, நாப்பத்தாறு. மூணும் ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒரே குகை சார். வேற வேற நாள்ல வேற வேற போன்ல குறிச்சிருக்காங்க. மூணுலயும் எழுதியிருக்காங்க பாருங்க, 'உள்ளே ஒற்றை நீலச் செருப்பு கிடக்கிறது'ன்னு. மூணு குகையில ஒத்தச் செருப்பு விட்டுட்டுப் போக, அவனுக்கு மூணு காலா சார்?"

சீனிவாசராகவன் காபியைக் கீழே வைத்தார்.

பதினேழாம் எண் இன்னும் மோசம். பதிவேட்டில் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனால், மலையடிவாரத்தில் கோவிந்தப்பா என்பவரின் பண்ணை வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. துல்லியமாகச் சொன்னால், அந்த வீட்டின் பாத்ரூமில். கோவிந்தப்பா ராகி, தென்னை என்று நிறைய வைத்திருப்பவர். மீசையும் பெரியது. டென்சில்தான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம பாத்ரூம்ல குகையா?" என்றார் கோவிந்தப்பா. அவருக்குத் தமிழ் வரும், கொஞ்சம் கன்னடம் ஒட்டிக்கொண்டு. "கீசர்தான் இதே, வேற ஒண்ணும் இல்ல. வேணும்னா நோடுங்க."

உண்மையிலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தமயந்தி மரியாதைக்கு எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல சார், குகை இல்ல" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த எண்ணைக் குறித்தவன் காரை இந்த வீட்டோரம் நிறுத்திவிட்டு மலையேறியிருக்கிறான். அவன் போன் மேலே போன பிறகும் கீழே இருந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குகைக்கு முன்னமே மூன்று என்று ஒரு எண் இருந்தது.

கழித்துக் கழித்து அறுபத்து நான்கு முப்பத்தேழில் வந்து நின்றது.

"தமயந்தி, நான் உன்னை அளக்கத்தான் கூட்டிண்டு வந்தேன். எண்ணறதுக்கு இல்லே," என்றார் சீனிவாசராகவன்.

"அளந்தா எண்ணிக்க தானா வந்துடுது சார். நான் என்னா பண்றது?"

முப்பத்தேழோடும் விடவில்லை. டென்சிலுக்குப் பன்னிரண்டாம் குகையை உள்ளேயும் அளந்து பார்க்க ஆசை. அவர் டேப்பையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போவது, அளவைக் கத்திச் சொல்வது, தமயந்தி வாசலில் குந்தி எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. ஏழு தடவை கத்தினார். திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த ஏழு அளவுகளையும் ஏற்றினாள். பன்னிரண்டாம் குகையின் கடைசிப் புள்ளி, மலையின் மறுபக்கம் இருக்கும் முப்பத்தொன்றாம் குகையின் வாசலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நடுவில் மூன்று மீட்டர்கூட இல்லை. மூன்று தடவை கணக்குப் போட்டாள். சாப்பாடு ஆறிப்போனது.

"கடைசியில மூஞ்சில காத்து அடிச்சிச்சு மேடம்," என்று டென்சிலும் போனில் சொன்னார்.

தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டுக்குள்ளேயும் நான் போயிருக்கேன். பன்னெண்டு முடிஞ்சு போயிடறது. சுவர். புரியறதா? சுவர்!" புத்தகம் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டிருந்தது. அட்டையில் அறுபத்து நான்கு என்று கொட்டை எழுத்தில். அவருக்கு எல்லாம் தெரியும்தான். ஆனால் ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனை விஷயங்களைத்தான் விட்டுக்கொடுப்பான்?

வெளியீட்டு விழா மலையடிவாரத்தில், ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஷாமியானா, ரோஜாப்பூ, சிறப்பு விருந்தினராக ஒரு கல்லூரி முதல்வர். டென்சில் வற்புறுத்தியதால் தமயந்தியும் போனாள். சாப்பாடு உண்டு என்று சந்திரனும் ஒட்டிக்கொண்டான். பிசிபேளாபாத் என்று தெரிந்ததும் பிரியாணியை நினைத்துக்கொண்டு வந்த மனிதன் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான்.

புத்தகம் வெளியானது. கைதட்டல் ஓய்ந்ததும் முதல்வர் சும்மா இருக்காமல், "இரண்டு குகைகள் உள்ளே சேர்வதாக யாரோ சொன்னார்களே, உண்மையா?" என்று கேட்டார். யார் சொன்னது என்று சீனிவாசராகவன் டென்சிலைப் பார்த்தார். டென்சில் வானத்தைப் பார்த்தார்.

"வாங்கோ, நானே காட்டறேன். சேரறதா இல்லையான்னு கண்ணால பாத்துக்கலாம்."

அறுபத்தாறு வயதில், பட்டுக்கரை வேட்டியை மாற்றி டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு, பன்னிரண்டாம் குகைக்குள் தலைவர் இறங்கினார். டென்சில் பின்னால். முதல்வர் வாசலிலேயே நின்றுகொண்டார். படித்தவர்.

கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் டென்சில் வந்தார், முழங்கையெல்லாம் சிராய்ப்போடு.

"வழுக்கிட்டார்ப்பா. கடைசிச் சரிவுல நேரா கீழ போய்ட்டார். கணுக்கால் போச்சு. ஏற முடியல. தூக்கிட்டு வரலாம்னா அந்தச் சந்துல ரெண்டு பேர் போக எடமில்ல."

தீயணைப்புக்குப் போன் போயிற்று. டவுனிலிருந்து வண்டி வந்து, ஆட்கள் மலையேற எப்படியும் ஒரு மணி நேரமாகும். சங்கத்துப் பிள்ளைகள் கயிற்றை எடுப்பதும், போனை எடுப்பதும், ஒருவரையொருவர் அமைதியாக இருக்கச் சொல்லிக் கத்துவதுமாக இருந்தார்கள்.

தமயந்தி எழுந்து மலையின் மறுபக்கம் நடந்தாள். சந்திரன் பின்னாலேயே ஓடினான். முப்பத்தொன்றாம் குகை ஒரு ஆள் குந்தி நுழையும் அளவு ஓட்டை. உள்ளே இரண்டு முழத்தில் சருகும் மண்ணும் சின்னக் கற்களுமாக அடைத்துக் கிடந்தது. அவள் மண்டியிட்டாள். இருட்டிலிருந்து வரும் அந்த ஈர வாசனைக்கே நெஞ்சு படபடவென்று அடித்தது.

"என்னாடி பண்ற? வேணாம் வா," என்றான் சந்திரன்.

"என் முந்தானையப் புடிச்சிக்க," என்றாள். தலையை மட்டும் உள்ளே விட்டாள். "சார்!"

"யாரு?" அந்தப் பக்கம் மூன்றடியில் பேசுவது போலக் கேட்டது. "எங்கேர்ந்து பேசறே?"

"முப்பத்தொண்ணுலருந்து சார்."

உள்ளே அவர் புரண்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "வலிக்கறதும்மா," என்றது குரல். அந்த மனிதர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். சைட்டில் கணக்குத் தப்பினால் காம்பவுண்டுச் சுவர் தப்பும். இடித்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம். இங்கே தப்பான பக்கம் தோண்டினால் அந்தச் சரிவுக்கு மேலே இருக்கும் கல் அசையும். டென்சில் இருட்டில் கத்திய ஏழு எண்களில் ஒன்றை அவள் தப்பாகக் கேட்டிருந்தால்? எழுபதா, எழுபத்தாறா? கூட்டிப் பார்த்தாள். அந்தக் குரல் வந்த திசையும் கணக்குச் சொன்ன திசையும் ஒன்றாகத்தான் இருந்தன. மனசு கொஞ்சம் அடங்கியது.

சத்தம் கேட்டு கோவிந்தப்பா இரண்டு ஆட்களோடும் கடப்பாரையோடும் ஏறி வந்திருந்தார். "பாத்ரூம் அம்மா! ஏனாய்த்து? என்னா ஆச்சு?"

தமயந்தி திசைகாட்டியை வைத்து, ஒரு குச்சியைத் தரையில் பதித்தாள். "இந்தக் குச்சி காட்டுற பக்கம் சார். கீழாக்க. இதோ இந்தப் பெரிய கல்ல மட்டும் தொடாதீங்க, அதுதான் கூரையத் தாங்குது. மண்ண மட்டும் எடுங்க."

"கரெக்டா சொல்றீங்களா?"

"அரை மீட்டர் இப்படி அப்படி இருக்கும் சார். அதுக்குமேல இருக்காது."

டென்சில் மறுபடி பன்னிரண்டில் இறங்கி, தலைவரை ஒரு ஓரமாகச் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கமிருந்து கையாலேயே மண்ணை வாரினார். இந்தப் பக்கம் கோவிந்தப்பாவின் ஆட்கள் மாறி மாறித் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைச் சந்திரன் புதுச் சட்டையோடு கூடையில் வாரிக் கொட்டினான். சீனிவாசராகவன் உள்ளேயிருந்து மேற்பார்வை பார்க்கத் தொடங்கியதும், பிழைத்துக்கொள்வார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் கடப்பாரை வெறுமைக்குள் போயிற்று. ஓட்டை வழியாக ஒரு மண் கை வந்து ஆட்டியது. "ஹலோ ஹலோ, முப்பத்தொண்ணாம் நம்பர் வீடு இதானா?" என்றார் டென்சில். ஓட்டையைப் பெரிதாக்கி, கோணிச் சாக்கில் உட்கார வைத்து, தலைவரை இழுத்து வெளியே எடுத்தார்கள். உள்ளே போனது பன்னிரண்டில். வெளியே வந்தது முப்பத்தொன்றில். இதைவிட நல்ல அத்தாட்சியைத் தமயந்தியே கேட்டிருக்க மாட்டாள்.

வெயிலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அவர் சுற்றிப் பார்த்தார். முதல்வர், சங்கத்துப் பிள்ளைகள், பத்துப் பதினைந்து போன்கள்.

"முப்பத்தாறு," என்றார்.

தீயணைப்பு வீரர்கள் வந்து, அவருக்குக் கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்கினார்கள். போகும்முன் பிசிபேளாபாத் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றார்கள். சந்திரனும் இரண்டு தட்டு வாங்கினான். "இவ்ளோ மண்ணு தூக்கினா எதுவும் ருசிதான்," என்றான்.

தமயந்தி அன்று சாப்பிடவில்லை. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து பொம்மனஹள்ளி வரும்வரை சந்திரனின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழக்கமாக அவள் கம்பியைத்தான் பிடிப்பாள். சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றபோது, "எழுபத்தாறுதான் சொன்னார், நான் சரியாத்தான் கேட்டேன்," என்றாள்.

"நீ எப்ப தப்பாக் கேட்டிருக்க?" என்றான் சந்திரன். "நான் சொல்றதத் தவிர."

ஒன்றரை மாதம் கழித்து, ஊன்றுகோலோடு சீனிவாசராகவன் தொம்மலூர் ஆபீசுக்கு வந்தார். லிஃப்ட் அன்று வேலை செய்தது. மன்னிப்பு, நன்றி என்று எதுவும் பேசவில்லை. அவர் வாழ்ந்த ஆபீசுகளில் அதற்கெல்லாம் படிவம் இருந்தது, வாயால் சொல்லிப் பழக்கமில்லை. பையிலிருந்து பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு போலி எண்ணையும் தானே சிவப்பு மையில் அடித்திருந்தார், ஸ்கேல் வைத்து, நேராக. பக்கத்தில் எது எதோடு சேர்கிறது என்று சின்ன எழுத்தில் குறிப்பு. முதல் பக்கத்தில் அளந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரும், ஐ.டி.ஐ. என்ற படிப்பும்.

"புஸ்தகம் என்ன சார் ஆச்சு?"

"ஆத்துல இருக்கு, இருநூறு பிரதி. மாட்டுப்பொண்ணு காலுக்குக் கீழே அடுக்கி வெச்சுண்டு பரண்ல ஏறறா." கொஞ்சம் இருமினார். "இந்த அடிச்ச நம்பரையெல்லாம் என்ன பண்றது? மறுபடி ஒண்ணுலேர்ந்து வரிசையாப் போட்டுடலாமா?"

"வேணாம் சார். காலியா விட்டுடுங்க. நம்பர மாத்தினா பழைய குறிப்பு எதுவும் எதோடவும் ஒட்டாது. செத்தவங்க நம்பரையா புதுசா பொறந்தவங்களுக்குக் குடுக்கறோம்?"

"எங்க டிபார்ட்மென்ட்ல குடுத்தோம்," என்றார் அவர். தமயந்தி சிரித்தாள். அவரும் சிரித்தார், ஊன்றுகோல் ஆடியது.

முள்ளந்தி பெட்டாவுக்குத் தெற்கே இன்னொரு குன்று இருப்பதாகவும், டென்சில் அங்கே ஏழெட்டு வாசல் பார்த்து வைத்திருப்பதாகவும், போனில் ஒன்றையும் குறிக்கவில்லை என்றும் சொன்னார். முதலில் நிலைப்புள்ளி, பிறகு எண். அப்படித்தானே?

"அப்படித்தான் சார்."

"ஒரு தடவை உள்ளேயும் வந்து பாரேன். நன்னாருக்கும்."

"அங்க நீங்க இருக்கீங்கல்ல சார்," என்று சொல்லிவிட்டுத் தமயந்தி முக்காலியைத் தோளில் மாட்டினாள். பேகூர் பக்கம் ஒரு மனையில், பொதுச் சுவர் யாருடையது என்று அண்ணனும் தம்பியும் காலையிலிருந்து முறைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.